பராக்கா காப்பாற்றியது எதை?

கொல்கத்தாத் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்டது பராக்கா அணை. 1975 ஏப்ரலில் அது இயங்கத் தொடங்கியபோது சொல்லப்பட்ட கணக்கு இதுதான்: கங்கையில் இருந்து நொடிக்கு 40,000 கன அடி நீரைக் கால்வாய் வெட்டி, ஹூக்ளியின் மேற்பகுதியான பாகீரதிக்குத் திருப்பினால் ஹூக்ளியின் வண்டல் கடலுக்கு அடித்துச் செல்லப்படும், அத்துறைமுகத்தில் 1892இல் எழுந்த கிதிர்பூர் கப்பல்துறை மீண்டும் செழிக்கும். கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டனே 19ஆம் நூற்றாண்டில் முன்வைத்த யோசனை இது.

திட்டக் காலத்திலேயே மறுத்தவர் பொறியாளர் கபில் பட்டாச்சார்யா. கோடையில் அவ்வளவு நீர் கிடைக்காது என்றார். பாகிஸ்தானுக்குத் துணைபோகிறார் என்ற பழிதான் மிஞ்சியது. 1977இல் வங்கதேசத்துடன் செய்த ஒப்பந்தம் அவர் பக்கம் சாட்சி சொல்கிறது. ஏப்ரல் கடைசிப் பத்து நாளில் இந்தியாவின் பங்கு 20,500 கன அடி. வண்டலைத் தள்ள நீர் மிகத் தேவைப்படும் காலத்தில் கிடைத்தது பாதிதான்.

ஹூக்ளியில் கடலின் ஏற்றம் வேகமாகப் பாய்ந்து மண்ணை உள்ளே கொண்டுவரும். வற்றம் மெல்ல இறங்கும். மேலிருந்து வரும் நன்னீர் வற்றத்துக்கு வலுச் சேர்க்கும் என்பது உண்மை. ஆனால் டைமண்ட் ஹார்பருக்குக் கீழே கழிமுகம் அகன்று விரிகிறது. அங்கே இந்த நீரின் விசை எடுபடவில்லை. தூர்வாரும் கப்பல்களுக்கு இன்றும் ஓய்வில்லை. 1977இலேயே கீழே ஹால்டியாவில் புதிய கப்பல்துறை திறக்கப்பட்டது. ஹால்டியாவைத் திட்டமிட்டவர்களுக்கே பராக்காவின் மேல் முழு நம்பிக்கை இருக்கவில்லை என்றே நான் கொள்கிறேன்.

எதிர்வாதம் ஒன்று வலுவானது: அணை இல்லாவிட்டால் நிலைமை இன்னும் கெட்டிருக்கும். ஏற்கிறேன். கோடையில் கொல்கத்தாவின் குடிநீரில் ஏறிவந்த உப்பு குறைந்தது. அது பெரிய நன்மை. கப்பல்கள் பெருத்துப்போனதற்கும் அணை பொறுப்பல்ல. கடலில் இருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் உள்ளே, பைலட் துணையோடு ஏற்றம் பார்த்து நுழையவேண்டிய துறைமுகத்துக்குப் பெருங்கப்பல் எந்நாளும் வரப்போவதில்லை. மறுதட்டில் மால்டா, முர்ஷிதாபாத் கரைகளில் ஆறு விழுங்கிய ஊர்கள் இருக்கின்றன. அலகாபாத் வரை ஏறிய ஹில்சா மீன் அணையோடு நின்றுவிட்டது.

ஆகவே நகரத்தின் குடிநீருக்குப் பராக்கா பயன்பட்டது; துறைமுகத்தை மீட்கும் திட்டமாகத் தோற்றது. கொல்கத்தாத் துறைமுகம் இன்று கொழும்பு, சிங்கப்பூரில் இருந்து வரும் சிறு கன்டெய்னர் கப்பல்களாலும் நேபாளச் சரக்காலும் அந்தமான் போக்குவரத்தாலும் பிழைக்கிறது. அந்த அளவுக்கான துறைமுகமாகவே அதைத் திட்டமிடவேண்டும். 1996 டிசம்பரில் கையெழுத்தான கங்கை நீர் உடன்படிக்கை 30 ஆண்டுகளுக்கானது. அடுத்த பேச்சில் துறைமுகத்தின் பெயரால் நீர் கேட்பதை இந்தியா விட்டுவிட்டு, குடிநீரின் பெயரால் கேட்கவேண்டும்.