பங்களாவுக்குக் குசினி, லயத்துக்கு அடுப்பு

போன வருடம் அம்மாயியிடம் தெரியாத்தனமாக ஒரு கேள்வி கேட்டேன். "ஒங்க லயத்துல குசினி எந்தப் பக்கம் இருந்துச்சு?" அம்மாயி சிரித்துவிட்டது. "குசினியா? அது தொரை பங்களாவுலதான் தம்பி. நமக்கு ஏது குசினி? அடுப்புதான்."

அம்மாயி பிறந்தது இலங்கை மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். காலனி ஆட்சியின் கடைசிப் பன்னிரண்டு வருடங்கள்தான் அதன் சிறுபிராயம். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேறி, கோத்தகிரிப் பக்கம் வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. அந்தப் பதிலுக்குப் பிறகு, தோட்டங்களைப் பற்றி ஏற்கெனவே வாசித்தவற்றைத் திரும்ப எடுத்தேன். இந்த முறை கேட்டது ஒரே கேள்வி: இதில் யார் சமைக்கிறார்கள், எங்கே, எப்போது?

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935-இல் வந்தது. மருதியின் உடம்பின் மீது தேயிலைத் தோட்டம் நடத்தும் வன்முறையை அது பூசி மெழுகாமல் சொல்கிறது. பி.எச்.டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். 1969-இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ', இரா.முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆனது. அது ஒரு டாக்டரின் கண். காய்ச்சலையும் குளிரையும் சாவையும் அப்படிப் பார்க்கிறது. இரண்டும் பெரிய படைப்புகள், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் இரண்டையும் மூடி வைத்த பிறகு என்னிடம் தங்கியது அடிபடும் உடம்புதான். அந்த உடம்புக்கு மறுநாள் சோறு போட்டு மலைக்கு அனுப்பிய கை தங்கவில்லை. சமையல் என்றால் பின்னணிதானே என்று வாசிக்கும் பழக்கம் எனக்கும் இருந்திருக்கிறது.

அது பின்னணி இல்லை. தோட்டக் கணக்கே அங்கேதான் நின்றது.

லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு. புகைபோக்கி கிடையாது. காம்பராவின் மூலையிலோ இஸ்தோப்பிலோ மூன்று கல். சமைப்பது, படுப்பது, பிள்ளை பெறுவது எல்லாம் அந்தப் புகைக்குள்தான். இந்தச் சொற்களையும் பாருங்கள். குசினி போர்ச்சுக்கீசியம், இஸ்தோப்பு டச்சு, காம்பராவும் கடல் தாண்டி வந்ததுதான். அடுப்பு மட்டும் நாம் ஊரிலிருந்து கொண்டுபோனது.

அரிசியைத் தோட்டமே கொடுத்தது. விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டது. 1927-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது அரிசி விலையும் அதோடு சேர்த்தே நிர்ணயிக்கப்பட்டது. அதாவது பானையில் என்ன வேகும் என்பதும் கூலியின் ஒரு பகுதி. ஆனால் அதை வேகவைக்கும் வேலை எந்தக் கணக்கிலும் இல்லை. விடியும் முன்னே எழுந்து, விறகு பற்றவைத்து, சோறாக்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்கு ஓட வேண்டும். கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி அடுப்பு. செக்ரோலில் அவள் 'பேர்' மலையில் பறித்ததற்கு மட்டும்தான் விழும்.

பங்களாவிலோ அதே வேலைக்குச் சம்பளம் உண்டு. அங்கே சமைத்தவர் கோக்கி, பெரும்பாலும் ஆண். துரைக்குச் சமைத்தால் உத்தியோகம், துரையின் தொழிலாளிக்குச் சமைத்தால் பொம்பளை வேலை. லயத்து அடுப்புக்கும் கூலி கொடுக்க வேண்டியிருந்திருந்தால் தேயிலை அந்த விலைக்கு லண்டன் போயிருக்குமா?

இன்றைக்குப் பழைய துரை பங்களாக்கள் விடுதிகளாகிவிட்டன. வெள்ளி டீப்பாட்டோடு நமக்கு 'காலனிய அனுபவம்' பரிமாறுகிறார்கள். அதைக் கிண்டல் பண்ணுவது சுலபம். நம்ம பக்கத்துக் கதை வேறு. மலையக ரொட்டியும் சம்பலும் என்று வீடியோ போடுகிறோம், பாரம்பரியம் என்று உருகுகிறோம். நானே ஒன்று போட்டேன். அம்மாயி பார்த்துவிட்டு, "இதப் போயி ஏன்டா?" என்றது. 1942-இல் பர்மா ஜப்பானிடம் விழுந்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது, கோதுமை மாவு வந்தது. அம்மாயிக்கு ரொட்டி என்பது அரிசி இல்லாமல் போன வருடம். அதில் ருசி இல்லை என்று நான் சொல்லவில்லை. மாவையும் தேங்காயையும் வைத்து ஒரு ருசியைக் கண்டுபிடித்தது அந்தப் பெண்களின் மூளை. ஆனால் ருசியை மட்டும் எடுத்துக்கொண்டு ரேஷனை மறந்தால், அவர்களை இன்னொரு முறை கணக்கிலிருந்து அடிக்கிறோம்.

கடைசியாக ஒன்று கேட்டேன். "ராத்திரி ஒங்கம்மா என்ன சாப்பிடுவாங்க?"

அம்மாயி ரொம்ப நேரம் யோசித்தது. "தெரியலயே தம்பி. அது எல்லாருக்கும் போட்டு முடிக்கிறதுக்குள்ள நான் தூங்கிருவேன்."

தோட்ட இலக்கியத்தில் நான் தேடிக்கொண்டிருப்பது, பிள்ளை தூங்கிய பிறகான அந்தப் பத்து நிமிடம்தான். யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால், இந்தக் கேள்வியைக் கேட்க இன்னும் பாட்டி உயிரோடு இருக்கும் யாராவது எழுதுங்கள்.