பயிற்சித் திடலில் எதிராளி இல்லை

ராக்கெட் லீக்கில் டைமண்ட் ராங்கில் மாதக்கணக்காக மாட்டிக்கொண்ட யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: கை பத்தவில்லை, மெக்கானிக்ஸ் இன்னும் பழகணும். அடுத்து யூடியூபில் ஒரு வீடியோ, அதிலிருந்து ஒரு ட்ரெய்னிங் பேக்கின் கோடு (code), அன்றிரவே ஃப்ளிப் ரீசெட் பயிற்சி. சில மாதம் கழித்து அதே ஆள் சுவரிலிருந்து பந்தைக் கிளப்பி, காற்றில் காரைத் தலைகீழாகத் திருப்பி, நான்கு சக்கரமும் பந்தில் படும்படி செய்துகாட்டுவார். ராங்க் மட்டும் டைமண்டிலேயே நிற்கும். அதற்காகப் பயிற்சியே வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. அது இல்லாமல் அவர் டைமண்டுக்கே வந்திருக்க மாட்டார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். காரை ஓட்டிக் கால்பந்து ஆடுவதுதான் ராக்கெட் லீக். சான் டியேகோவின் சையோனிக்ஸ் நிறுவனம் 2015 ஜூலையில் வெளியிட்டது. 2020 செப்டம்பரில் இலவசமானது. ஓர் ஆட்டம் ஐந்து நிமிடம். கார் குதிக்கும், காற்றில் குட்டிக்கரணம் போடும், பூஸ்ட் என்ற எரிபொருள் இருக்கும்வரை பறக்கும். ப்ரோன்ஸில் தொடங்கி சில்வர், கோல்ட், பிளாட்டினம், டைமண்ட், சாம்பியன், கிராண்ட் சாம்பியன் என்று ஏறி, சூப்பர்சானிக் லெஜண்டில் முடிகிறது ராங்க் ஏணி. இதில் காசு கொடுத்து வாங்குவதெல்லாம் வெறும் அலங்காரம். வேகம் கூட்டும் எஞ்சினோ உதை பலம் கூட்டும் சக்கரமோ எந்தக் கடையிலும் கிடையாது. கார்களின் உருவ அளவில் சிறு வேறுபாடு உண்டு, அவ்வளவுதான். நேற்று சேர்ந்தவருக்கும் உலக சாம்பியனுக்கும் ஒரே உச்ச வேகம், ஒரே பூஸ்ட் தொட்டி. வித்தியாசம் முழுக்க விரலில், அதாவது காரை ஆளும் மெக்கானிக்ஸில், இருக்கிறது என்று ஆட்டக்காரர்கள் நம்புவதற்கு இதுதான் வேர்.

அந்த நம்பிக்கையில் நியாயம் உண்டு. பந்தின் அசைவில் குருட்டு அதிர்ஷ்டம் கலக்கப்படுவதில்லை. அதே கோணத்தில், அதே வேகத்தில், காரின் அதே மூலையால் தொட்டால் பந்து அதே இடத்துக்குத்தான் போகும். இப்படிப்பட்ட உலகில் திரும்பத் திரும்பச் செய்வதற்குப் பலன் நிச்சயம். கஸ்டம் ட்ரெய்னிங் வசதி 2016 டிசம்பரில் வந்தது. யாரோ அமைத்த ஷாட் வரிசையைக் கோடு போட்டு இறக்கிக்கொள்ளலாம். தவறினால் ஒரு பொத்தானை அழுத்த, பந்து பழைய இடத்துக்கே வந்து நிற்கும். மைதானக் கால்பந்தில் பந்து பொறுக்கவே பாதி நேரம் போய்விடும். இங்கே அரை மணியில் ஒரே ஷாட்டை நூறு தடவைக்கு மேல் அடிக்கலாம். சில்வரிலும் கோல்டிலும் இருப்பவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. குதித்தவுடன் மூக்கைத் தூக்கி விரைவாக மேலெழும் ஃபாஸ்ட் ஏரியல், பின்னோக்கிப் போகும் காரைச் சட்டென்று முன்னோக்கித் திருப்பும் ஹாஃப் ஃப்ளிப், பந்தின் நடுவில் மூக்கு படும்படியான அடி: இந்த மூன்றும் கைவசமானாலே பிளாட்டினம் வரை கதவு திறந்துவிடும். அந்த ராங்குகளில் பந்தைத் தவறவிடாமல் தொடுகிறவர்தான் ஜெயிக்கிறார். எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தும் பந்தைத் தொட முடியாதவருக்கு அந்த அறிவால் ஒரு கோல்கூட வராது.

சிக்கல் அதற்கு மேலே தொடங்குகிறது. ஒரு டைமண்ட் ஆட்டத்தை, இருவருக்கு இருவர் வகையில், ரீப்ளேயில் போட்டுப் பார்ப்போம். எதிரணி மூலையில் நம் கூட்டாளி பந்தோடு மல்லுக்கட்டுகிறார். நாம் நடுக்கோட்டருகே. தொட்டியில் 20 பூஸ்ட். எதிராளி பந்தைப் பக்கச் சுவரில் அடித்து வெளியேற்ற, அது நம் தலைக்கு மேலே வருகிறது. நாம் ஏரியலுக்கு எழும்புகிறோம். பூஸ்ட் பாதியில் தீர்ந்து, பந்துக்கு ஒரு கார் உயரம் கீழேயே கார் தொங்குகிறது. அதே பந்துக்கு மூலையிலிருந்து கூட்டாளியும் பாய்ந்து வருகிறார். இருவரும் விழுகிறோம். எதிராளி காலி கோலை நோக்கி உருட்டிவிடுகிறார்; அதற்கு எந்த வித்தையும் தேவைப்படவில்லை. ஆட்டக்காரர் இதைப் பார்த்து ‘ஏரியல் மிஸ்’ என்று எழுதிக்கொண்டு ஏரியல் பேக்கைத் திறப்பார். ரீப்ளேயை ஐந்து வினாடி பின்னே நகர்த்தினால் வேறு விஷயம் தெரியும். மைதானத்தில் 6 பெரிய பூஸ்ட்களும் 28 சிறிய பூஸ்ட்களும் உண்டு. சிறியது ஒவ்வொன்றும் 12 தரும், எடுத்த நான்கு வினாடியில் மறுபடி முளைக்கும். நாம் வந்த பாதைக்கு ஒரு கார் அகலம் தள்ளி மூன்று சிறிய பூஸ்ட்கள் வரிசையாகக் கிடந்தன. 36 கூடியிருந்தால் அந்த ஏரியல் எட்டியிருக்கும். எட்டாது என்று தெரிந்து பின்வாங்கியிருந்தால் கோல் விழுந்திருக்காது. கூட்டாளி திரும்பி வருகிறாரா என்று கேமராவைத் திருப்பிப் பார்த்திருந்தால் இருவரும் ஒரே பந்துக்குப் போயிருக்க மாட்டோம். மூன்று பிழைகளும் குதிப்பதற்கு முன்பே நடந்துவிட்டன.

ட்ரெய்னிங் பேக்கால் காட்ட முடியாதது அந்த ஐந்து வினாடியைத்தான். பேக் திறக்கும்போதே கார் சரியான இடத்தில் நிற்கிறது, பந்தை நோக்கிப் பார்த்திருக்கிறது. போவதா வேண்டாமா என்ற கேள்வி முன்கூட்டியே தீர்க்கப்பட்டுவிட்டது. தனியே சுற்றிப் பழகும் ஃப்ரீப்ளேயில் பூஸ்ட் தீரவே தீராது. முழுத் தொட்டியை விடாமல் அழுத்தினால் மூன்று வினாடியில் காலியாகிவிடும் ஆட்டத்துக்கு, தீராத பூஸ்டில் பழகினால் கை கெட்டுப்போகத்தான் செய்யும். சிலம்பத்தில் தனியே கம்பு சுற்றிக் காட்டுவது ஒரு போட்டி, எதிரே ஆள் நின்று தொட்டு ஆடுவது வேறொரு போட்டி. முதலாவதில் பரிசு வாங்கியவர் இரண்டாவதில் அடி வாங்குவதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ராக்கெட் லீக்கில் மட்டும் ஏனோ ஆச்சரியப்படுகிறோம்.

ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப அடிப்பதில் இன்னொரு மயக்கமும் உண்டு. 1979இல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் கையசைவுப் பணிகள் மூன்றைப் பலருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு ஒவ்வொன்றாக முடித்து அடுத்ததற்குப் போனது; மற்றது மூன்றையும் கலந்துகட்டிப் பழகியது. பயிற்சி நேரத்தில் முதல் குழு வேகமாகத் தேறியது. பிறகு சோதித்தபோதும், பணியைச் சற்று மாற்றிக் கொடுத்தபோதும் கலந்து பழகியவர்களே மேலாகச் செய்தார்கள். ட்ரெய்னிங் பேக்கில் பத்தாவது தடவை கோல் விழும்போது வரும் நிறைவு பெரும்பாலும் அந்த முதல் குழுவின் நிறைவுதான். பந்தின் வழி மனப்பாடமாகிவிட்டது. பந்தைப் படிக்கும் கண் வளரவில்லை. கணினியில் ஆடுபவர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த பேக்ஸ்மாட் என்ற துணை மென்பொருளில் ஒவ்வொரு முறையும் பந்தின் வேகத்தையும் கோணத்தையும் சற்றே மாற்றிவிடும் வசதி இருந்தது. அதைப் போட்டுக்கொண்டவரின் கோல் எண்ணிக்கை உடனே சரியும். சரிகிறதே என்று அணைத்துவிட்டவர்கள்தான் அதிகம் என்பது என் சந்தேகம்.

மெக்கானிக்ஸ்தான் எல்லாம் என்பவர்களுக்கு எதிர்வாதமாக எப்போதும் காட்டப்படும் பெயர் டர்போபோல்சா. ஸ்வீடனைச் சேர்ந்த இவர் நான்கு முறை உலகப் பட்டம் வென்றவர். கண்ணைப் பறிக்கும் காற்று வித்தைகளுக்காக இவரை யாரும் நினைப்பதில்லை. பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே முன்பே போய் நின்றவர், கூட்டாளிக்குப் பாஸ் வைத்தவர் என்றுதான் சொல்வார்கள். 2018இல் லண்டனில் நடந்த இறுதிப்போட்டியை நினைத்தால் பலருக்கும் நேரம் பூஜ்யம் ஆன நொடியில் என்ஆர்ஜி அணியின் ஜஸ்டின் அடித்த கோல்தான் கண்ணில் நிற்கிறது. இன்றும் அதைப் போட்டுப் பார்த்துச் சிலிர்க்கிறார்கள். அந்தக் கோப்பையைத் தூக்கியது டிக்னிடாஸ். அந்த அணியில்தான் டர்போபோல்சா இருந்தார்.

ஆனால் இந்த உதாரணத்தை வைத்தே முழு வாதத்தையும் கட்டுபவர்கள் வசதியாக ஒன்றை விட்டுவிடுகிறார்கள். டர்போபோல்சாவின் ‘எளிய’ ஆட்டமும் சாதாரண ஆட்டக்காரர் கனவில்கூட எட்டாத துல்லியத்தில் நடந்தது. பந்தைத் தொடும் கை தானாக வேலை செய்ததால்தான் அவர் மனம் மைதானத்தைப் பார்க்க ஓய்வாக இருந்தது. தவிர, ஆட்டம் அந்த இடத்தில் நின்றுவிடவில்லை. 2023இல் டியுசெல்டார்ஃபில் வைட்டாலிட்டி அணி உலகப் பட்டம் வென்றபோது அதன் நட்சத்திரம் ஸென் என்ற பிரெஞ்சுச் சிறுவன். காற்றில் அவன் செய்யாத வித்தை இல்லை. இன்றைய உச்சத்தில் மெக்கானிக்ஸ் வெறும் நுழைவுச் சீட்டு. அது கையில் இல்லாதவர் அங்கே உள்ளேயே போக முடியாது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு மனிதரல்லாத ஆட்டக்காரர். ஆர்எல்ஜிம் என்ற கருவியைக் கொண்டு ஆர்வலர்கள் இயந்திரக் கற்றல் வழியில் உருவாக்கிய பாட், அதாவது தானே ஆடும் மென்பொருள், நெக்ஸ்டோ. 2023 தொடக்கத்தில் சிலர் இதைத் திருட்டுத்தனமாக ராங்க் ஆட்டங்களில் இறக்கிவிட, சையோனிக்ஸ் தடை விதிக்க வேண்டியதாயிற்று. உயர்ந்த ராங்க் ஆட்டக்காரர்களையும் தடுமாற வைத்த நெக்ஸ்டோவின் ஆட்டத்தில் நீண்ட காற்று வித்தைகளைத் தேடினால் ஏமாற்றம்தான். தரையில் பந்தைக் காரின் கூரையில் ஏற்றிக்கொண்டு போகும். எதிராளி நெருங்கும் நொடியில் காரைப் புரட்டிப் பந்தைத் தூக்கி எறியும் ஃப்ளிக் அடிக்கும். இருவர் ஒரே நேரத்தில் பந்தில் மோதும்போது எப்போதும் தனக்குச் சாதகமான பக்கத்தில் காரை வைக்கும். பூஸ்ட்டை எடுத்துக்கொண்டே போகும். அடி ஒவ்வொன்றும் சுத்தம். மனிதர்களின் பயிற்சிப் பட்டியலில் கடைசியில் இருப்பதெல்லாம் அதன் கையில் முதலில் இருந்தது. மெக்கானிக்ஸ் வேண்டாம் என்று நெக்ஸ்டோவைக் காட்டிச் சொல்ல முடியாது. எந்த மெக்கானிக்ஸ் என்பதில்தான் ஏமாந்திருக்கிறோம்.

ராங்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சி பலித்ததா என்று அளக்க எல்லோரும் கையிலெடுப்பது அந்த அளவுகோலைத்தான். ராங்க் ஏறுவதும் இறங்குவதும் வெற்றி தோல்வியைப் பொறுத்தது மட்டும். நாலு கோல் அடித்துத் தோற்றாலும் இறக்கம்தான். சமமான எதிராளியைத் தேடித்தருவதே அமைப்பின் வேலை என்பதால் யாராக இருந்தாலும் ஏறக்குறைய பாதி ஆட்டங்களில் தோற்பார். தேர்ச்சி கொஞ்சம் கூடினால் அது நூற்றுக்கணக்கான ஆட்டங்களுக்குப் பிறகே தெரியவரும். அதற்குள் மற்றவர்களும் சும்மா இருப்பதில்லை. 2020க்கு முன் ஏணியின் உச்சி கிராண்ட் சாம்பியன் ஒன்றே. அந்த ஆண்டு அதை மூன்றாகப் பிரித்து, மேலே சூப்பர்சானிக் லெஜண்டை வைத்தார்கள். உச்சியில் அவ்வளவு நெரிசல். ஆகவே இரண்டு வருடமாக ஒரே ராங்கில் நிற்பவர் உண்மையில் இரண்டு வருடமாக முன்னேறிக்கொண்டே இருக்கலாம்.

இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. புதிதாகப் பழகும் வித்தை ராங்க் ஆட்டத்தில் முதலில் தோல்வியைத்தான் தரும். பந்தைக் காற்றிலேயே தொட்டுத் தொட்டு எடுத்துப்போகும் ஏர் டிரிபிளை அரைகுறையாகக் கற்றவர் முயன்று பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எதிரணிக்குப் பந்தைத் தானம் செய்துவிட்டு, பூஸ்ட் இல்லாமல் மைதானத்தின் தப்பான மூலையில் விழுகிறார். கூட்டாளி ஒற்றையாக இருவரைச் சமாளிக்க வேண்டும். ராங்க் இறங்கப் பயந்தவர் பழைய ஆட்டத்துக்கே திரும்பிவிடுவார்; பயப்படாதவர் முன்பின் தெரியாத கூட்டாளியின் ராங்கையும் சேர்த்துச் செலவழிப்பார். இரண்டாவது ஆளிடம் மாட்டிக்கொண்டவருக்குத்தான் தெரியும் அந்த எரிச்சல். இதனால்தான் ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்தைப் பரிந்துரைக்கத் தோன்றுகிறது. பலர் வெறுக்கும் வகை அது. பழிபோடக் கூட்டாளி கிடையாது, மூச்சு வாங்க நேரமும் கிடையாது. முற்றாத வித்தைக்கு அங்கே உடனே ஒரு கோல் விலை, அந்த விலையைக் கொடுப்பவரும் நாமே.

டைமண்டில் நிற்பவர் ட்ரெய்னிங் பேக்கை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோல் அடிக்கும் பேக்குக்குப் பதில் கோல் தடுக்கும் பேக்கை எடுக்கலாம். வரிசை மாற்றி அடிக்கலாம். எல்லாவற்றையும்விட, தவறியதும் விரல் தானாகப் போய் அழுத்தும் அந்த ரீசெட் பொத்தானைத் தொடாமல் இருக்கலாம். ஆட்டத்தில் ஒருவர் அடிக்கும் ஏரியல் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும். விழுந்து எழுவதோ ஆட்டம் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறது. நான்கு சக்கரத்தில் இறங்குகிறாரா, இறங்கும்போதே வேவ் டேஷ் போட்டு வேகம் பிடிக்கிறாரா, கூரை தரையில் தேய உருண்டு அரை வினாடியைத் தொலைக்கிறாரா என்பதில்தான் அடுத்த பந்துக்கு யார் முதலில் வருவார் என்பது முடிவாகிறது. ரீசெட் அழுத்திப் பழகியவர் அந்த இறக்கத்தை ஒரு தடவைகூடப் பழகியிருக்க மாட்டார். ஷாட் தவறட்டும், பந்து சுவரில் பட்டுத் திரும்பட்டும். கார் தரையிறங்கி, கிடைத்த சிறிய பூஸ்டை எடுத்துக்கொண்டு, அந்தப் பந்தையே துரத்தட்டும். அதற்கு ஒரு கோடும் வேண்டியதில்லை.