அறுந்தபின் பேசும் இழை

பெட்ரோல் பங்கில் எல்லோரும் ஓடும் எண்களைத்தான் பார்ப்பார்கள். ஒருமுறை பழுது பார்ப்பதற்காக ஒரு பம்பின் முன்கதவைக் கழற்றி வைத்திருந்தார்கள். அதன் வயிற்றுக்குள் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. எண்ணெயை அளக்கும் மீட்டரின் மூடியை நாலைந்து போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருந்தன. போல்ட்டுத் தலைகளில் குறுக்கே சன்னமான துளை. முறுக்கிய மெல்லிய கம்பி ஒன்று ஒரு தலையில் நுழைந்து அடுத்த தலைக்குப் போய், கடைசியில் பட்டாணி அளவு ஈயக் குண்டில் முடிந்திருந்தது. குண்டை நசுக்கி, மேலே எடையளவு ஆய்வாளரின் இடுக்கி பதித்த எழுத்துகள்.

அந்தக் கம்பியை அறுக்கச் சின்ன கட்டிங் பிளேயர் போதும். அது எதையும் தடுக்காது. அதன் வேலை சாட்சி சொல்வது. மூடியைத் திறக்க வேண்டுமானால் போல்ட் திரும்ப வேண்டும்; போல்ட் திரும்பினால் கம்பி அறும்; அறுந்த கம்பியை ஒட்டவைத்தாலும் நசுங்கிய ஈயத்தைப் பழையபடி நசுக்க முடியாது. இரும்பால் செய்த ஓர் இயந்திரத்தின் நேர்மை முழுவதும் ஈயம் என்ற மிக மெத்தென்ற உலோகத்தில் வந்து நிற்கிறது. ஆட்டோ மீட்டரிலும் வீட்டுச் சுவரில் இருக்கும் மின்கணக்கு மீட்டரிலும் இதே ஏற்பாட்டைப் பார்க்கலாம்.

இந்த ஈய சீலுக்கு ஒரே குறை: யாராவது குனிந்து பார்த்தால்தான் அது பேசும். பத்தாயிரம் சீல்களுக்கு முன்னால் பத்தாயிரம் முறை குனிய முடியாது. ரேடியோ அலையால் தன் அடையாளத்தைச் சொல்லும் ஆர்.எஃப்.ஐ.டி. டேக் வந்து சேர்வது இந்த இடத்தில்தான். அந்தக் கம்பியின் வேலையை அது எப்படித் தன் உடம்பில் வாங்கிக்கொண்டது என்று ரசித்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் டேக்கையே பார்த்துவிடலாம். பெரிய ஆயத்த ஆடைக் கடைகளில் வாங்கும் சட்டையின் விலைச்சீட்டு சில சமயம் கொஞ்சம் தடிமனாக இருக்கும். அதை விளக்குக்கு நேராகப் பிடித்தால் உள்ளே வளைந்து வளைந்து போகும் உலோகக் கோடு தெரியும். அது ஆன்டெனா. நடுவில் மிளகை நாலாக உடைத்தாற்போல் ஒரு கரும்புள்ளி. அது சில்லு. இந்தியாவில் இந்த வகை டேக்குகளுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் சுமார் 34.6 செ.மீ. ஆன்டெனா நன்றாக வேலை செய்ய அதில் பாதி, அதாவது 17 செ.மீ. சொச்சம் வேண்டும். விலைச்சீட்டில் அவ்வளவு இடம் ஏது? ஆகவே கோட்டை மடித்து மடித்து வளைத்திருக்கிறார்கள். வாசலில் கையெடுக்காமல் இழுக்கும் சிக்குக் கோலம்போல, ஒரே இழை.

பேட்டரி கிடையாது. டேக்கைப் படிக்கும் கருவியான ரீடர் வீசும் அலையிலிருந்தே சில்லு தனக்கான உயிரை எடுத்துக்கொள்கிறது. ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு கிடைத்தாலும் இன்றைய சில்லுகள் விழித்துக்கொள்ளும். விழித்த பிறகும் அது சொந்தமாக எந்த அலையையும் அனுப்புவதில்லை. தன் மேல் விழும் அலையைத் திருப்பி எறிகிறது, சற்றுக் குறைத்து எறிகிறது, மறுபடி முழுதாக எறிகிறது. சிறுவர்கள் கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து எதிர்வீட்டுச் சுவரில் மினுக்குவார்களே, அதே வித்தை. வெயில் ரீடருடையது, மினுக்கல் மட்டும் டேக்கினுடையது.

இந்த வித்தையின் மூதாதை ஒன்று, விசித்திரமாக, ஒரு முத்திரைக்குள்ளேயே ஒளிந்திருந்தது. 1945 ஆகஸ்டில் சோவியத் சிறுவர்கள் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு, அமெரிக்க அரசு முத்திரையை மரத்தில் செதுக்கிப் பரிசளித்தார்கள். உள்ளே லெவ் தெரெமின் என்ற சோவியத் கண்டுபிடிப்பாளர் வடிவமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி. அதிலும் பேட்டரி இல்லை. அறையில் பேசும் குரலுக்கு ஒரு மெல்லிய சவ்வு அதிரும். வெளியிலிருந்து வீசப்பட்ட அலை அந்த அதிர்வுக்கேற்ப மாறித் திரும்பும். 1952-ல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பொருளின் அசைவை அலையில் எழுத முடியும் என்பதை அந்தச் சவ்வு காட்டிவிட்டது. இயந்திர உறுப்பு கழன்றதை அலையில் எழுதுவது அதன் அடுத்த தலைமுறை.

எளிய வழி, டேக்கை மூட்டின் குறுக்கே ஒட்டுவது. மூடியில் பாதி, உடலில் பாதி. மூடி திறந்தால் ஆன்டெனா கிழியும், டேக் ஊமையாகும். கேட்பதற்குச் சுலபம். செய்வதில் எவ்வளவு நயம் இருக்கிறது பாருங்கள். வெறுமனே ஒட்டினால் கை தேர்ந்தவன் ஹேர் டிரையரால் சூடுபடுத்தி, பிளேடை நுழைத்து, முழுதாக உரித்து எடுத்துவிடுவான். ஆகவே பிளாஸ்டிக் படலத்துக்கும் உலோகக் கோட்டுக்கும் நடுவே சில இடங்களில் மட்டும் பிடிப்பில்லாத பூச்சைத் தடவுகிறார்கள். உரிக்கும்போது கோட்டின் ஒரு துண்டு படலத்தோடு வரும், மறு துண்டு பொருளோடு தங்கிவிடும். படலத்தில் ஆங்காங்கே கத்தியால் கீறியும் வைப்பார்கள். இழுப்பு எங்கிருந்து வந்தாலும் கிழிசல் அந்தக் கீறல்வழி ஓடி ஆன்டெனாவைக் குறுக்கே வெட்டும். எங்கே ஒட்ட வேண்டும் என்பதைவிட எங்கே ஒட்டக் கூடாது என்பதற்கு அதிகம் யோசித்திருக்கிறார்கள். நம் வாகனங்களின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கும் இந்தக் குடும்பம்தான். ஒரு வண்டியிலிருந்து உரித்து இன்னொன்றில் ஒட்டினால் பயன்படாமல் போகும்படி செய்யப்பட்டது.

ஆனாலும் எனக்கு இந்த வகை முழுத் திருப்தி தரவில்லை. ஊமையானவன் எதையும் சொல்வதில்லை. ரீடருக்குப் பதில் வரவில்லையென்றால் மூடியைத் திறந்திருக்கலாம், டேக் தூரத்தில் இருக்கலாம், மழையில் நனைந்திருக்கலாம், இரும்புத் தகடு நடுவே நின்றிருக்கலாம். மௌனத்துக்கு நூறு காரணம்.

அடுத்து வந்த வடிவம் இந்த இடத்தைத்தான் சரிசெய்தது. நான் மிக ரசிக்கும் பகுதி இது. சில்லுக்கு ஆன்டெனாவுக்கான இரண்டு கால்கள் உண்டு. இன்னும் இரண்டு கால்களைக் கூட்டி, அவற்றுக்கிடையே தனியாக ஒரு மெல்லிய இழையை ஓடவிட்டார்கள். ஆன்டெனாவும் சில்லும் உடற்பகுதியில் பத்திரமாக இருக்கும். இழை மட்டும் மூட்டைத் தாண்டி மூடிக்குப் போய்த் திரும்பும். மூடி திறந்தால் இழைதான் அறும். வாய் பிழைத்துக்கொள்ளும். பிழைத்த வாய், அடுத்த முறை ரீடர் எழுப்பும்போது, 'நான் இருக்கிறேன், என் இழை இல்லை' என்று தெளிவாகச் சொல்லும்.

நெதர்லாந்தின் என்.எக்ஸ்.பி. நிறுவனம் செய்யும் என்டாக் 424 டி.என்.ஏ. டேக்டேம்பர் என்ற சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். இது 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது; செல்போனை அருகே கொண்டுபோனாலே படித்துவிடலாம். இழை முழுதாக இருந்தால் மூடியது என்பதற்கு 'சி', அறுந்திருந்தால் திறந்தது என்பதற்கு 'ஓ'. இதில் இரண்டு பதில்கள் வரும். ஒன்று இந்த நிமிடத்தின் நிலை. மற்றது நிரந்தர நிலை. இழை அறுந்ததைச் சில்லு ஒரே ஒருமுறை பார்த்துவிட்டால் நிரந்தர நிலை 'ஓ'வாகிவிடும். பிறகு இழையை ஒட்டவைத்தாலும் மாறாது. அப்போது சில்லு சொல்வது: நிரந்தரம் 'ஓ', இப்போது 'சி'. திறந்தார்கள் என்பதோடு, திறந்ததை மறைக்கப் பார்த்தார்கள் என்பதும் அந்த இரண்டு எழுத்தில் வந்துவிடுகிறது! பதிலோடு 128 பிட் சாவியால் உண்டாக்கிய சான்றும் வரும். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அது மாறுவதால், பழைய 'சி' பதிலைப் பதிவுசெய்து வைத்து மறுபடி ஓட்டிக்காட்ட முடியாது.

இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. அதைச் சொல்லாமல் பாராட்டினால் பாராட்டு அரைகுறை. பேட்டரி இல்லாத சில்லு, ரீடர் எழுப்பாதவரை தூங்கிக்கொண்டிருக்கும். நள்ளிரவில் ஒருவன் மூடியைத் திறந்து, உள்ளே செய்ய வேண்டியதைச் செய்து, விடிவதற்குள் இழையைத் துல்லியமாக இணைத்துவிட்டால், சில்லுக்கு எதுவும் தெரியாது. காலையில் விழித்து, 'சி, சி' என்று உண்மையாகவே நம்பிச் சொல்லும். நினைவாற்றலும் சாவியும் கணக்கும் அந்த இடத்தில் கையைப் பிசைகின்றன. மறுபடி காப்பாற்ற வருவது பொருள்தான். இழையைத் தலைமுடியைவிட மெல்லிய அலுமினியத்தில் செய்கிறார்கள். அலுமினியத்தில் சாதாரண ஈயப்பற்று எளிதில் பிடிக்காது. நொறுங்கும் படலத்தின் மேல் இழையைப் பதிக்கிறார்கள். அறும்போது ஓரிடத்தில் அறாமல் பல துண்டாகச் சிதறும். ஈயக் குண்டு பார்த்த அதே வேலைக்கு, சுற்றி வளைத்து, மறுபடி வந்துவிட்டோம். திரும்பச் சேர்க்க முடியாத ஒரு மென்மை எங்கேயாவது ஓரிடத்தில் இருந்தே ஆக வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இயந்திர உறுப்பென்றால் இரும்பு. இரும்பென்றால் அலைக்கு ஆகாது. 13.56 மெகாஹெர்ட்ஸ் டேக்கின் சுருள் ஆன்டெனாவை உலோகத்தின் மேல் நேராக ஒட்டினால், ரீடரின் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பும். அந்த ஓட்டம் எதிர்ப்புலம் உண்டாக்கி டேக்கின் மூச்சை அடைக்கும். அதற்காக நடுவில் ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான மெல்லிய தாள் வைக்கிறார்கள். புலம் இரும்பைத் தொடாமல் அந்தத் தாளுக்குள்ளேயே வளைந்து திரும்பிவிடும். ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் இடைவெளி, டேக்குக்கும் ஊமைத்தனத்துக்கும் நடுவே.

இவையெல்லாம் ஓர் உருவில் கூடி நிற்பதை நம் ஊர்ச் சாலையிலேயே பார்க்கலாம். திருப்பூரிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் கன்டெய்னர் லாரியின் பின்கதவைக் கவனியுங்கள். கதவுக் கொண்டியில் விரல் தடிமனான எஃகு போல்ட் சீல் ஒன்று தொங்கும். முன்பெல்லாம் ஏற்றுமதிச் சரக்கை அதிகாரி தொழிற்சாலைக்கு வந்து மேற்பார்த்து முத்திரையிடுவார். 2017-ல் சுங்கத் துறை, ஏற்றுமதியாளரே ஆர்.எஃப்.ஐ.டி. போல்ட் சீலால் முத்திரையிடும் முறையைக் கொண்டுவந்தது; துறைமுகத்தில் ரீடர் படித்துக்கொள்ளும். துறைமுகச் சுங்க முத்திரை நமக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய, ஏறிப்போகும் சரக்கு மூட்டைகளின் மேல் சோழரின் புலிச் சின்னத்தைப் பொறித்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. புலி அரசனின் அதிகாரத்தைக் காட்டியது. இன்றைய போல்ட், தன் மேல் நடந்ததையும் சேர்த்துச் சொல்கிறது.

அந்த போல்ட்டின் அமைப்பைப் பாருங்கள். சர்வதேசத் தரப்படி உயர்பாதுகாப்பு சீல் 10 கிலோநியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும். ஏறக்குறைய ஒரு டன் எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். போல்ட்டை வேகமாகச் சுழற்றி உள்ளே பிடித்திருக்கும் வளையத்தை நைய வைத்துக் கழற்றுவது திருடர்களின் பழைய உத்தி. அதற்காக, சுழலவே முடியாதபடி சில சீல்களின் முனைக்குப் பட்டை வைத்திருக்கிறார்கள். இவ்வளவு முரட்டு எஃகின் மேல் அந்தச் சின்னஞ்சிறு சில்லு உட்கார்ந்திருக்கிறது. எஃகை வெட்டினால் சில்லின் சுற்று அறும்படி அமைப்பது ஒரு வழி. முரடு தடுக்கிறது, மெல்லியது சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே உடல்.

எந்த டேக்கும் தான் கடந்து போகும் மூட்டை மட்டுமே அறியும். கன்டெய்னர் கொண்டியைக் கதவோடு பிணைத்திருக்கும் ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டால், சீலைத் தொடாமலே கதவு திறக்கும். சீல் அப்போதும் தன்னளவில் முழுசாகவே இருக்கும். இழையை எவ்வளவு நுட்பமாகச் செய்தோம் என்பதற்குச் சமமாக, எந்த மூட்டின் மேல் அதை ஓடவிட்டோம் என்பதும் வடிவமைப்பாளரின் கைத்திறன். பெட்ரோல் பம்பில் கம்பியை ஒரே போல்ட்டோடு நிறுத்தாமல் தலைக்குத் தலை கோத்தவர் இதை எப்போதோ தெரிந்து வைத்திருந்தார்.

அதனால்தான் சரக்குப் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு ரீடர் பச்சை காட்டிய பிறகும் நாலு வேலை பாக்கி. சீலையும் கொண்டியையும் கண்ணால் பார்க்க வேண்டும். எண்ணைச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். சீலைப் பிடித்து இழுக்க வேண்டும். கடைசியாக ஒருமுறை முறுக்கித் திருப்பிப் பார்க்க வேண்டும்.