பின்னால் போய் வளர்ந்த டார்க்த்ரோன்

ஒரு ராக் குழு முதல் ஆல்பத்தில் தடுமாறும், இரண்டாவதில் தேறும், மூன்றாவதில் பெரிய ஸ்டூடியோவுக்குப் போய்ப் பளிச்சென்று ஒலிக்கும். வளர்ச்சி என்றால் இதுதான் என்று நம் காது பழகியிருக்கிறது. நார்வேயின் டார்க்த்ரோன் இந்தப் பாதையைத் தலைகீழாக நடந்தது. முதல் ஆல்பமான ‘சோல்சைட் ஜர்னி’ (1991) ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டூடியோவில் பதிவானது. ஸ்வீடன் டெத் மெட்டலுக்கு அன்று அதுதான் தலைமைப்பீடம். கனத்த கிட்டார், நிமிடத்துக்கு நிமிடம் மாறும் தாளம், தேர்ந்த கைகள் என்று எதிலும் குறை சொல்ல முடியாத பதிவு. மூன்றே ஆண்டுகளில் அதே குழுவினர், வீட்டில் இருந்த நான்கு தடப் பதிவுக் கருவி ஒன்றைக் கொண்டு, பேஸ் ஒலியே இல்லையோ என்று தோன்றும் ஓர் ஆல்பத்தை வெளியிட்டார்கள். வாசிக்கத் தெரியாமல் அப்படிச் செய்யவில்லை. தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார்கள்.

குழு ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் உள்ள கோல்பொட்னைச் சேர்ந்தது. 1986-ல் ‘பிளாக் டெத்’ என்று தொடங்கி, அடுத்த ஆண்டே பெயரை மாற்றிக்கொண்டது. இடையில் இருந்தவர்கள் விலகிப்போக, 1993 முதல் இருவர் மட்டும்தான். டிரம்ஸ் வாசிக்கும் ஃபென்ரிஸ், இயற்பெயர் கில்வே நாகெல். கிட்டாரும் குரலுமான நாக்டர்னோ கல்ட்டோ, இயற்பெயர் டெட் ஷெல்லும்.

இரண்டாவது ஆல்பமான ‘எ பிளேஸ் இன் த நார்தர்ன் ஸ்கை’ (1992) கைக்கு வந்தபோது பீஸ்வில் என்ற இங்கிலாந்து நிறுவனம் திகைத்துப்போனது. இன்னொரு டெத் மெட்டல் ஆல்பத்துக்குக் காத்திருந்தவர்களுக்கு உலர்ந்து, மெலிந்து, பனிக்காற்றுபோல் இரையும் பிளாக் மெட்டல் ஒன்று வந்து சேர்ந்தது. ஒலிக்கலவையை மாற்றலாமா என்று கேட்டார்கள். வேண்டுமானால் வேறு இடத்தில் வெளியிடுகிறோம் என்று இவர்கள் நிற்க, நிறுவனம் இறங்கி வந்தது. கூர்ந்து கேட்டால் இந்த ஆல்பத்தில் பழைய டெத் மெட்டல் எலும்புகள் அங்கங்கே துருத்திக்கொண்டிருப்பது தெரியும். முழுக்க மாறிவிட்டவர்களின் பதிவாக இல்லாமல், மாறிக்கொண்டே இருப்பவர்களின் பதிவாக இருப்பதால்தான் எனக்கு இது பிடிக்கும். அந்தத் துருத்தல்களையெல்லாம் இழைத்துவிட்டது அடுத்து வந்த ‘அண்டர் எ ஃபியூனரல் மூன்’ (1993).

பிறகு ‘ட்ரான்சில்வேனியன் ஹங்கர்’ (1994). இதைப் பற்றி நிதானமாகத்தான் பேச வேண்டும். எல்லா வாத்தியங்களையும் ஃபென்ரிஸ் ஒருவரே வாசித்துப் பதிந்தார். நாக்டர்னோ கல்ட்டோ குரல் மட்டும் கொடுத்தார். தலைப்புப் பாட்டு ஆறு நிமிடம் ஓடுகிறது. டிரம்ஸ் ஒரே வேகத்தில் தொடங்கி அதே வேகத்தில் முடிகிறது. டிரம்ஸ்காரர்கள் தங்கள் திறமையைக் காட்டும் உருட்டல்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. முதல் ஆல்பத்தில் அத்தனை தாளம் மாற்றிய அதே கை, இங்கே தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்கிறது. கிட்டார் தந்தியை மேலும் கீழுமாக ஓயாமல் அதிரவிட்டபடி சோகமான சிறிய மெட்டு ஒன்றைச் சுற்றிச் சுற்றி வருகிறது. குரல் பக்கத்து மலையிலிருந்து கேட்பதுபோல் வருகிறது. இரண்டு நிமிடம் பொறுத்துக் கேட்டால் விசித்திரம் ஒன்று நடக்கும்: வேகம் மறைந்துவிடும். எதுவுமே நகராத ஓரிடத்தில் நிற்கிறோம் என்று தோன்றும். தம்புராவின் நாதத்துக்குள் போய் உட்காரத் தெரிந்த காதுக்கு இந்த இரைச்சலுக்குள்ளும் போக வழி உண்டு. பின்னாளில் நூற்றுக்கணக்கான குழுக்கள் இந்த மோசமான ஒலிப்பதிவை நகலெடுத்தன. மெட்டைத்தான் எவராலும் நகலெடுக்க முடியவில்லை.

இந்த ஆல்பத்தின் கறையையும் சொல்லியாக வேண்டும். பாதிப் பாடல் வரிகள் வார்க் விக்கெர்னெஸ் எழுதியவை. சக இசைக்கலைஞர் ஒருவரை 1993-ல் கொலை செய்தவர் அவர். போதாக்குறைக்கு முதல் பதிப்பின் பின்னட்டையில் ‘ஆரிய’ பிளாக் மெட்டல் என்று அச்சிட்டார்கள். கண்டனம் எழுந்தது, அந்த வாசகம் பிறகு நீக்கப்பட்டது, ஃபென்ரிஸ் அந்தக் காலத்துப் பேச்சுகளுக்கு வருத்தமும் தெரிவித்திருக்கிறார். அருவருப்பான வாசகம், அற்புதமான இசை. இரண்டும் ஒரே உறையில் வந்தன என்பதை மறைத்துவிட்டு ரசிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. இதனாலேயே கேட்க மாட்டேன் என்பவரோடு நான் சண்டைக்கும் போக மாட்டேன்.

1995 முதல் 2004 வரை இன்னும் சில ஆல்பங்கள். ‘பான்சர்ஃபாஸ்ட்’டில் செல்டிக் ஃப்ராஸ்ட் என்ற குழுவின் பாணியிலான நொண்டி நடை நன்றாகப் பொருந்துகிறது. மற்றவற்றில் நல்ல பாட்டுகள் உண்டு, நல்ல ஆல்பம் குறைவு. தாங்களே உண்டாக்கிய இலக்கணத்துக்குள் சிக்கிக்கொண்ட காலம் அது.

அதிலிருந்து வெளியே வந்த வழிதான் சுவாரசியம். சொந்தமாகப் பதிவுக் கருவிகள் வாங்கி, ‘த கல்ட் இஸ் அலைவ்’ (2006) ஆல்பத்தில் பங்க் பக்கம் சாய்ந்தார்கள். பீர் வாடையடிக்கும் எளிய ரிஃப்கள், கிண்டல், தெருச்சண்டைத் தாளம். தூய்மைவாதிகள் முகம் சுளித்தார்கள். எனக்கென்னவோ இந்த ஆல்பத்தில்தான் இருவரும் முதல்முறையாகச் சிரித்துக்கொண்டே வாசிப்பதுபோல் கேட்கிறது.

இருவர் என்பதன் பொருளை நன்றாகக் கேட்க வேண்டுமானால் ‘த அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்’ (2013) போதும். ஆறு பாட்டு, ஆளுக்கு மூன்று. இருவரும் தனித்தனியே எழுதுகிறவர்கள், ஒட்டுப்போட்ட இடத்தை மறைக்க மெனக்கெடுவதில்லை. நாக்டர்னோ கல்ட்டோவின் பாட்டுகள் இருண்டு, கரகரத்து, தரையோடு நகர்கின்றன. ஃபென்ரிஸோ எண்பதுகளின் ஹெவி மெட்டல் பாடகர்களைப்போல் உச்சஸ்தாயியில் கூவுகிறார். சில இடங்களில் சுருதி கொஞ்சம் நழுவும். அதைத் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள், நல்லவேளை. கடைசிப் பாட்டு ‘லீவ் நோ கிராஸ் அன்டர்ன்ட்’ பதின்மூன்று நிமிடத்துக்கும் மேல் ஓடியும் சலிக்கவில்லை.

2016-ல் வந்த ‘ஆர்க்டிக் தண்டர்’ ஆல்பத்துக்குத் தங்கள் இளவயதுப் பயிற்சி அறைக்கே திரும்பிப் போனார்கள். பழைய பதுங்கு அறை அது. அதற்குப் பிறகு வேகம் இறங்கிக்கொண்டே வருகிறது. ‘ஓல்ட் ஸ்டார்’ (2019), ‘எடர்னல் ஹெய்ல்ஸ்’ (2021), ‘ஆஸ்ட்ரல் ஃபோர்ட்ரெஸ்’ (2022), ‘இட் பெக்கன்ஸ் அஸ் ஆல்’ (2024) எல்லாம் டூம் மெட்டலின் கனத்த நடையில் போகின்றன. ‘எடர்னல் ஹெய்ல்ஸி’ல் ஐந்தே பாட்டு, எல்லாம் நீளம், கடைசிப் பாட்டு மூக் சிந்தசைசரில் கரைந்து முடிகிறது. பிளாக் மெட்டலின் கடுந்தூய்மையை நிறுவியவர்கள், இன்று எழுபதுகளின் வாத்தியங்களைக் கூச்சமின்றிச் சேர்த்துக்கொள்கிறார்கள். ‘ஆஸ்ட்ரல் ஃபோர்ட்ரெஸ்’ அட்டையில் பேயுமில்லை, மெழுகுவத்தியுமில்லை; உறைந்த நீரில் ஒருவர் சறுக்கிக்கொண்டிருக்கிறார்.

இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு காரணம், இவர்கள் மேடை ஏறுவதில்லை என்பது. கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கச்சேரி கிடையாது. கூட்டம் எதற்கு ஆடும் என்று கணக்குப் பார்த்து எழுத வேண்டியதில்லை. ஃபென்ரிஸ் தபால் துறையில் வேலை பார்த்தவர். தன் பூனையோடு நிற்கும் படத்தைப் போட்டு ‘எனக்கு ஓட்டுப் போடாதீர்கள்’ என்று கேட்டும் ஊர் மன்றத்துக்கு மாற்று உறுப்பினராகத் தேர்வானவர். இசை சோறு போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள் எப்படி வாசிப்பார்களோ அப்படி வாசிக்கிறார்கள்.

ஆஸ்லோவில் உள்ள நார்வே தேசிய நூலகம் ‘எ பிளேஸ் இன் த நார்தர்ன் ஸ்கை’யைத் தன் காட்சிக்கூடத்தில் வைத்திருக்கிறது. புதிதாகக் கேட்கப்போகிறவர் அந்த ஆல்பத்திலிருந்தோ ‘ட்ரான்சில்வேனியன் ஹங்க’ரிலிருந்தோ தொடங்க வேண்டாம், காது மிரண்டுவிடும். ‘த அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்’ முதலில், ‘எடர்னல் ஹெய்ல்ஸ்’ அடுத்து. அவை பிடித்தால் 1994-க்குப் போங்கள். பிடிக்காவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள்.