துக்கிக்க ஓர் இடம்

முரகாமியோட நாவல்களைக் கொண்டாடுற பலர் ‘அண்டர்கிரவுண்ட்’ பக்கம் போறதே இல்லை. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் ஓம் ஷின்ரிக்யோ அமைப்பினர் சாரின் நச்சுவாயுவைப் பரப்பினார்கள். நூலின் முதல் பாகத்தில் பாதிக்கப்பட்டவர்கள் பேசுகிறார்கள். இரண்டாம் பாகத்தில், அந்த அமைப்பில் இருந்தவர்களும் விட்டு வந்தவர்களும். என்னைத் தொந்தரவு செய்தது இந்தப் பாகம்தான்.

முதல் பாகத்தில் பொறுமையாகக் கேட்ட முரகாமி, இங்கே மறுத்துப் பேசுகிறார், வாதாடுகிறார். முன்னுரையில் அவரே அதைச் சொல்லியும்விடுகிறார். நியாயம்தான், செத்தவங்க இருக்காங்களே. ஆனா வெளியே வந்தவருக்கு இன்னொரு வாதம் எதுக்கு? மண்டைக்குள்ள குருவோட குரல் இன்னும் ஓய்ந்திருக்காதே.

ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய ‘ட்ராமா அண்ட் ரெகவரி’, மீட்சியை மூன்று கட்டங்களாகப் பார்க்கிறது: பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கித்தல், மனிதர்களோடு மறுபடி சேர்தல். இங்கே சிக்கல் நடுக்கட்டம்தான். விட்டு வந்தவர் இழந்ததில் நண்பர்கள் உண்டு, தியானம் உண்டு, ‘நான் எதுக்கு இருக்கேன்’ என்பதற்குக் கையிலிருந்த பதிலும் உண்டு. அதுக்கும் அழணும். “அங்க சந்தோஷமா இருந்தேன்” என்று ஒருவர் சொன்னால் சிகிச்சையாளர் முகம் சுளிக்காமல் கேட்டாகணும். எதிரே வாதாடுகிறவர் உட்கார்ந்திருந்தால் அந்த வாக்கியம் பாதியிலேயே தற்காப்பாக மாறிவிடும்.

‘விண்ட்-அப் பேர்ட் கிரானிக்கிள்’ நாயகனைக் கிணற்றடியில் நாள்கணக்காகச் சும்மா உட்காரவிட்ட மனுஷன் இவர்!