வாசல் உப்பு

கனடாவின் ஸ்காபரோவில் டிசம்பர் பிறந்தால் கடை வாசல்களில் உப்பு மூட்டைகள் ஏறிவிடும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்கு உப்பென்றால் ஆனையிறவு: பாத்தியில் தேக்கிய நீரை வெயில் குடித்து முடித்ததும் மிஞ்சுவது. இங்கே வீதிக்கு வரும் உப்பில் நிறைய, பாத்தியில் விளையாதது. ஹியூரான் ஏரிக்கு அடியில், கோட்ரிச் ஊர்ச் சுரங்கத்தில், ஏறக்குறைய 550 மீட்டர் ஆழத்தில் பாறையாக வெட்டி எடுக்கிறார்கள். 1866இல் எண்ணெய் தேடித் துளை போட்ட இடத்தில் உப்பு வந்தது. நல்லதாய்ப் போயிற்று.

வாசல் பனியில் வழுக்காதிருக்க அந்த உப்பைத் தூவுவதில் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. அனுபவமில்லாதவர் குவியலாகக் கொட்டுவார். பழகியவர், ஆச்சி கோலமாவு விடுகிற மாதிரி, விரலிடுக்கால் பரவவிட்டுக்கொண்டே பின்னால் நடப்பார். முதலில் சவளால் பனியை வழித்துவிட வேண்டும். பிறகு பிடியளவு போதும். உப்புக் கரைந்த நீர் பூச்சியத்தில் உறையாது, அதுதான் சூட்சுமம். மைனஸ் 10க்குக் கீழே போனால் சாதாரண உப்புச் சோர்ந்துவிடும். கல்சியம் குளோரைட் கலந்ததைத் தேட வேண்டும். பொழுது விடியமுன் சப்பாத்தின் கீழ் அது நறநறக்கும்போது, இனி வழுக்காது என்று காலுக்கே தெரிந்துவிடும். எனக்குப் பிடித்த சத்தம்.

சப்பாத்தில் படியும் வெள்ளைக் கோட்டை வினாகிரித் தண்ணீரால் துடைக்கலாம். காரின் துருவுக்குத்தான் மருந்தில்லை. நாய்களுக்குப் பாதம் எரியுமென்று நாலு குட்டிச் சப்பாத்து மாட்டிவிடுகிறார்கள். அவை நடக்கும் நடை தனிக் கூத்து.