கொலைக்களக் காதையில் காவலர்

சிலப்பதிகாரத்தை ஆராய்ந்தோர் பலரும் வழக்குரை காதையையே அக்காப்பியத்தின் உச்சமாகக் கொள்வர். கண்ணகி நீதி கேட்டதும், பாண்டியன் தன் பிழையுணர்ந்து உயிர் நீத்ததும் வகுப்பறையிலும் மேடையிலும் ஓயாது பேசப்படுகின்றன. ஆனால், கோவலனை வெட்டிய கை எவருடையது என்னும் வினா அத்துணைப் பேசப்படுவதில்லை. மன்னன் வாளெடுக்கவில்லை, பொற்கொல்லனும் எடுக்கவில்லை. படைக்கலம் ஏதுமின்றி நின்ற ஒருவனை அரசின் பெயரால் வெட்டி வீழ்த்தியவன் ஊர்காவலருள் ஒருவனே. அவன் பெயரைக் காப்பியம் கூறவில்லை. பின்னர் அவன் என்னவானான் என்பதையும் கூறவில்லை. இம்மௌனம் ஆராய்தற்குரியது.

கொலைக்களக் காதையில் இளங்கோவடிகள் அக்கொலையைத் திடீரென நிகழ்த்திவிடவில்லை. படிப்படியாக வளர்த்துச் செல்கிறார். அரசியின் ஊடலைத் தணிக்க விரைந்து செல்லும் மன்னன், பொற்கொல்லன் கூற்றைக் கேட்டதும் காவலரை அழைத்து, சிலம்பு அவன் கையில் இருப்பின் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவருமாறு பணிக்கிறான். கோவலனைக் கண்ட காவலருள் ஒருவன், இவனது தோற்றம் கொலைத் தண்டனைக்குரிய கள்வனின் தோற்றமாக இல்லை என்கிறான். அரசாணையையும் கடந்து ஐயம் எழுந்த இடம் அது. அந்த ஐயத்தை மதித்து ஒரு நாழிகை பொறுத்திருந்தால் மதுரை பிழைத்திருக்கும்.

அவ்வையத்தைக் கொன்றவை கதைகள். கள்வர் மந்திரம், மருந்து, நிமித்தம் முதலிய எட்டுத் துணைகளை உடையவர் என்று பொற்கொல்லன் விரித்துரைக்கிறான். அதனைக் கேட்ட இளங்காவலன் ஒருவன் தன் அனுபவத்தைக் கூறுகிறான். மழைக்காலத்து நள்ளிருளில் கள்வன் ஒருவன் எதிர்ப்பட்டான். தான் வாளை உருவ, அவன் அதனைப் பற்றிக்கொண்டான். பின்பு எங்குத் தேடியும் அவனைக் காணவில்லை. இதனைக் கூறிய பின், கள்வனைத் தப்பவிட்டால் மன்னன் தங்களை வருத்துவான் என்றும் அவன் அஞ்சுகிறான். உடனே கல்வியறிவற்ற, களிப்பேறிய ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இங்கு நோக்கற்பாலது ஒன்றுண்டு. கோவலன் எவர் வாளையும் பற்றவில்லை, ஓடவும் இல்லை. பழைய கள்வன் ஒருவனைப் பற்றிய அச்சம் புதியவன் ஒருவன்மேல் ஏற்றப்பட்டது. அச்சம் உண்மையானதாக இருக்கலாம். ஆனால் அந்த அச்சத்திற்குக் கோவலன் காரணமல்லன். காவலரின் படைக்கலத்திற்கு இரையான நிராயுதபாணிகளைப் பற்றிய இக்கால வழக்குகள் பலவும் சுழல்வது இந்த ஒரு புள்ளியைச் சுற்றியே.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1974ஆம் ஆண்டு ஒரு வீட்டில் திருடிவிட்டு ஓடிய 15 வயதுச் சிறுவன் வேலியைத் தாண்ட முயன்றபோது காவலர் ஒருவரால் பின்தலையில் சுடப்பட்டு இறந்தான். அவன் எடுத்தவை 10 டாலரும் ஒரு பணப்பையும். அவனிடம் படைக்கலம் இருப்பதாகத் தோன்றவில்லை என்று சுட்டவரே பின்னர்ச் சாட்சியம் கூறினார். எனினும், தப்பியோடுவோரைத் தடுக்கத் தேவையான எவ்வழியையும் கையாளலாம் என்று அம்மாநிலச் சட்டம் அன்று இடமளித்திருந்தது. ஆகவே அவர்மீது குற்ற வழக்கு எழவில்லை. சிறுவனின் தந்தை உரிமை வழக்குத் தொடுத்தார். டென்னசி எதிர் கார்னர் எனப்படும் அவ்வழக்கில் 1985இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், காவலருக்கோ பிறருக்கோ உயிராபத்து அல்லது கடுங்காயம் விளையும் என நம்பத் தக்க காரணம் இருந்தாலன்றி, ஓடுபவனைக் கொல்லும் வன்முறையைக் கையாளலாகாது என வரையறுத்தது. கண்டால் கொல்க என்னும் பாண்டியன் ஆணையில் இருந்த பிழையே அச்சட்டத்திலும் இருந்தது. ஆணை பிழையாயின் அதனை நிறைவேற்றுவோன் கையும் பிழைபடும்.

அந்நீதிமன்றமே 1989இல் கிரகாம் எதிர் கானர் வழக்கில், காவலர் கையாண்ட வன்மையை அவ்விடத்தில் நின்ற நியாயமான அதிகாரி ஒருவரின் நோக்கில் அளக்க வேண்டும் என்றது. நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டியவரைப் பின்னறிவு கொண்டு பழித்தல் தகாது என்னும் இவ்வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் இதனைத் தளர்வாகக் கையாண்டால், அஞ்சினேன் என்ற ஒரு சொல்லே காவலருக்குக் கவசமாகிவிடும். இளங்காவலன் கூறிய நள்ளிருட் கதையும் அத்தகைய கவசமே. அச்சம் இருந்ததா என்பது முதல் வினா. அவ்வச்சத்திற்கு எதிரில் நின்றவன் இடங்கொடுத்தானா என்பதே முடிவு காணும் வினா.

தென் கரோலினாவின் வடசார்ல்ஸ்டன் நகரில் 2015இல் நிகழ்ந்தது இதனினும் நெருங்கிய சான்று. வால்டர் ஸ்காட் என்பவர் நிராயுதபாணியாக ஓடும்போது முதுகில் சுடப்பட்டார். அவர் தம் மின்னதிர்வுக் கருவியைப் பறித்துக்கொண்டார் என்று சுட்ட காவலர் கூறினார். வாளைப் பற்றிய கள்வன் கதை மீண்டும் சொல்லப்பட்டது போன்றதே இது. வழியே சென்ற ஒருவர் எடுத்த ஒளிப்படக் காட்சி வெளிவந்ததும் அக்கூற்று ஆட்டங்கண்டது. மாநில நீதிமன்றத்தில் நடுவர்கள் ஒருமனப்படாமையால் 2016இல் கொலை வழக்கு முடிவின்றி நின்றது. பின்னர் நடுவணரசின் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட அக்காவலருக்கு 2017இல் 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

சான்றின் ஆற்றலை இளங்கோவும் அறிவார். கண்ணகியின் கண்ணீரைக் கண்டு மட்டும் பாண்டியன் தன் பிழையை ஒப்பவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். அரசியின் சிலம்பில் முத்து என்கிறான் அவன். உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபின்னரே வழக்கு முடிகிறது. அச்சான்று கோவலன் கையிலேயே இருந்தது என்பதுதான் பெருந்துயர். கொன்றபின் நடந்த விசாரணையைக் கொல்லுமுன் நடத்த, சிலம்பை உடைக்கும் நேரமே போதுமானதாக இருந்திருக்கும்.

இவையனைத்தும் ஊழ்வினையின் பயன் என்று கூறி அமைவாரும் உளர். கட்டுரை காதை கூறும் ஊழ்வினை எத்தகையது என்பதை அவர்கள் நோக்குதல் வேண்டும். முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரினனாகிய கோவலன், சிங்கபுரத்து அங்காடியில் அணிகலன் விற்ற சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனப் பிடித்து மன்னனிடம் காட்டிக் கொல்வித்தான். விசாரணையற்ற ஓர் அரசுக் கொலையே மற்றோர் அரசுக் கொலைக்கு வித்தாயிற்று. தண்டிக்கப்படாத குற்றம் பிறவி கடந்தும் தொடரும் என்று கூறும் அக்கதை, பொறுப்பைத் தட்டிக் கழிப்பார்க்கு எவ்வகையிலும் துணையாகாது.

பாண்டியன் தானே கள்வன் என்று கூறி உயிர்விட்டது ஒப்பற்ற அறச்செயல். எனினும் அஃது அறமே. சட்டத்தின் முழுமை அன்று. மன்னன் இறந்தான், மதுரை எரிந்தது, பின்வந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரை ஒரே பகலில் பலியிட்டான். குற்றம் செய்தவன் ஒரு பொற்கொல்லன், மாண்டோர் ஆயிரவர். வாளேந்திய கையையோ ஒருவரும் வினவவில்லை. குற்றவாளியைத் தனித்தனியே பிரித்தறியாத சமுதாயத்தில் தண்டனை, குற்றமற்றோர்மீது வெள்ளமெனப் பாயும். பொய்யுரைத்தவன், ஆணையிட்டவன், அச்சமூட்டியவன், வெட்டியவன் ஆகிய நால்வரையும் அவரவர் அளவில் வினவுவதே சட்டத்தின் பணி.

அதே காப்பியத்தில் வார்த்திகன் கதையும் உண்டு. பிறர் பொருளைக் கவர்ந்தான் என்று அரசனின் ஏவலர் அவனைச் சிறையிட்டனர். கொற்றவை கோயிற் கதவம் திறவாமை கண்டு விசாரித்த பாண்டியன், பிழையுணர்ந்து அவனை விடுவித்து, தங்காலையும் வயலூரையும் அளித்துப் பொறுத்தருள வேண்டினான். வார்த்திகன் உயிரோடு இருந்தமையால் அரசு தன் பிழையைத் திருத்த முடிந்தது. கோவலனுக்குக் கொடுப்பதற்கு எவ்வூரும் இல்லை. சிறையிடும் அதிகாரத்தினும் கொல்லும் அதிகாரத்திற்குப் பன்மடங்கு கட்டுப்பாடு வேண்டும் என்பதற்கு இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்துப் பயில்வதினும் சிறந்த பாடம் இல்லை.

கண்ணகியின் வினாவைக் கற்பிக்கும் ஆசிரியர், அதனோடு அந்தப் பெயரற்ற காவலனையும் மாணவர்முன் நிறுத்துதல் வேண்டும். ஐயமுற்ற காவலன் ஏன் தன் தோழரைத் தடுக்கவில்லை என்று மாணவர் கேட்கட்டும். வெட்டியவனை ஏன் எவரும் அவைக்கு அழைக்கவில்லை என்றும் கேட்கட்டும். அரசவையில் கேட்கப்படாத அவ்வினாக்கள் வகுப்பறையிலேனும் கேட்கப்படுதல் நலம்.